தாளம் போட்ட கால்

நிகழ்ச்சித் தாளின் ஐந்தாவது வரியில் இப்படி அச்சாகியிருந்தது: "நண்பரின் வார்த்தை. சகோதரர் லியாண்டர் மோப்லி. தயவுசெய்து இரண்டு நிமிடம்." லியாண்டர் அந்தத் தாளை மடித்துப் பிரித்து, பிரித்து மடித்து, கந்தலாக்கிவிட்டார். அடக்க ஆராதனை இன்னும் தொடங்கவே இல்லை. சவப்பெட்டிக்குள் எஸ்ரா பெட்டவே கறுப்புக் கோட்டில் படுத்திருந்தார். சபையின் உதவி ஊழியரான டீக்கனாக அவர் முப்பத்தைந்து வருஷம் உட்கார்ந்திருந்த நாற்காலிக்குக் கறுப்புத் துணி போர்த்தியிருந்தார்கள். மிசிசிப்பியின் ஆகஸ்ட் மாத வெக்கையில், கறுப்பு ஜனங்களின் அந்தக் கோயில் முழுக்க அட்டை விசிறிகள் ஆடிக்கொண்டிருந்தன.

இரண்டு நிமிடம் என்ன, அரை நிமிடம் போதும். "அந்த ரிக்கார்டில் பாடியது நான் இல்லை, எஸ்ராதான்." சொல்ல வேண்டியது அவ்வளவுதான். குழந்தைகூடச் சொல்லிவிடும். அறுபத்திரண்டு வயதான லியாண்டருக்கு மட்டும் சொல்ல வாய் வரவில்லை. இன்றைக்குச் சொல்லாவிட்டால் இனி என்றைக்குமே சொல்லப் போவதில்லை என்று அவருக்குத் தெரியும். தெரிந்து என்ன பிரயோஜனம்?

கதை ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதாம் வருஷம் ஆரம்பித்தது. மெம்பிஸில் ஒரு ஓட்டல் அறையில் ரிக்கார்டு எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, எஸ்ராவும் லியாண்டரும் ஆளுக்கொரு கிட்டாரோடு ரயிலேறிப் போனார்கள். எஸ்ராவின் அப்பா பிரசங்கியார். குடிக்கடைகளில் பாடுகிற ப்ளூஸ் பிசாசின் பாட்டு என்று அடித்துச் சொல்கிற மனுஷர். மகன் அதைப் பாடுகிறான் என்று தெரிந்தால் தோலை உரித்துவிடுவார். அதனால் ஓட்டல் புத்தகத்தில் லியாண்டர் மோப்லி என்று ஒரு பேர் மட்டும் எழுதினார்கள். ரிக்கார்டுக்கு "ஆற்றங்கரைக் காகம்" என்று எஸ்ராவே ஒரு பொய்ப்பேர் வைத்துக்கொண்டார்.

சன்னலுக்கெல்லாம் மெத்தை விரிப்புத் தொங்கவிட்ட அந்த அறையில் எஸ்ரா கம்பிகளைத் தன் பாணியில் தளர்த்தி, சுண்டு விரலில் உடைந்த பாட்டிலின் கழுத்தை மாட்டிக்கொண்டு கம்பிமேல் ஓர் இழுப்பு இழுத்தார். பாட்டுப் பதிகிற மெழுகுத் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்த வெள்ளைக்காரர் வாயிலிருந்த சுருட்டை எடுத்துவிட்டார். லியாண்டர் சேர்ந்து வாசிக்கப் பார்த்தார். சுருதி சேரவில்லை. மூன்று தட்டு வீணானது. கடைசியில் வெள்ளைக்காரர் ஒரு பலகையைக் கொண்டுவந்து லியாண்டரின் காலடியில் போட்டார்.

"நீ கிட்டாரைக் கீழ வை. காலை மட்டும் தட்டு" என்றார்.

லியாண்டர் தட்டினார். ஆறு பாட்டுக்கும் தட்டினார். மூன்றாவது பாட்டின் நடுவில் பரவசம் தாங்காமல் "அப்படிப் போடு காகமே!" என்று ஒரு குரல் கொடுத்தார். அந்த ரிக்கார்டில் அவருடைய பங்கு அந்தக் காலும் அந்த ஒரு கூச்சலும்தான்.

ஊர் திரும்பி மூன்றாம் மாதம் எழுப்புதல் கூட்டத்தில் எஸ்ரா மண்டியிட்டு அழுதார், ஆற்றில் முழுகி ஞானஸ்நானம் வாங்கினார், கிட்டாரை யாருக்கோ கொடுத்துவிட்டார். லியாண்டரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: "டேய், அந்தக் காகம் செத்துப்போச்சு. யார் வந்து கேட்டாலும் உனக்குத் தெரியாது. சரியா?"

"சரிடா" என்றார் லியாண்டர். முப்பத்து நாலு வருஷம் அந்த வார்த்தையைக் காப்பாற்றவும் செய்தார். அதை மறுக்க முடியாது.

பிறகு வாரன் ஃபிஸ்க் வந்தான். பாஸ்டன்காரன், இருபத்தைந்து வயது, மூக்குக் கண்ணாடி, தூசி படிந்த கார். ஒரு வெள்ளைக்காரன் காரை நிறுத்தி ஒரு கறுப்பு மனுஷனின் பேரைச் சொல்லி விசாரித்தால் மிசிசிப்பியில் என்ன பதில் கிடைக்கும்? தேடுகிற ஆளே எதிரில் நின்றுகொண்டு "அப்படி யாரும் இங்க இல்லீங்களே சார்" என்பான். அவன் ஷெரீஃபின் ஆளோ, யார் கண்டது? நம் ஆளை வெள்ளைக்காரர்களிடம் காட்டிக் கொடுப்பதில்லை. அது பால் குடிக்கும்போதே பழகுகிற பாடம். முடிவெட்டும் கடையில், மளிகைக்கடையில், கோயில் வாசலில் என்று நாலு நாள் வாரன் அலைந்தான். நாலு நாளும் ஊருக்கே ஞாபகமறதி.

ஐந்தாம் நாள், பருத்திக்கொட்டை எண்ணெய் ஆலையின் வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்த லியாண்டரிடம் வந்து நின்றான். கையை நீட்டினான்.

"மிஸ்டர் மோப்லி?"

அந்த ஒரு சொல்தான் குடியைக் கெடுத்தது. நாற்பது வயதுவரை லியாண்டரை வெள்ளைக்காரர்கள் "டேய் பையா" என்றார்கள். நாற்பதுக்குமேல் "கிழவா" என்றார்கள். மிஸ்டர் என்று ஒருத்தரும் கூப்பிட்டதில்லை. துடைப்பத்தைக் கைமாற்றிப் பிடித்துக்கொண்டு, நீட்டிய கையை எப்படிப் பிடிப்பது என்று தெரியாமல் நின்றார்.

வாரன் காரின் முன்மூடி மேல் ஒரு சின்ன கிராமபோனை வைத்து ரிக்கார்டைச் சுழலவிட்டான். கொரகொரவென்று கீறல் விழுந்த தட்டு. அதற்கடியிலிருந்து எஸ்ரா பாடினார்.

*ஆத்துத் தண்ணி வடிஞ்சுபோச்சு, வாசலெல்லாம் சேறு,*
*ஆத்துத் தண்ணி வடிஞ்சுபோச்சு, வாசலெல்லாம் சேறு,*
*போனவ காலடி பதிஞ்சிருக்கு, மிதிக்காம ஏறு.*

"மூணு தட்டு, உலகத்துலயே ஒவ்வொண்ணுக்கும் ஒரு பிரதிதான் கிடைச்சிருக்கு" என்றான் வாரன். அவன் கண் கலங்கியிருந்தது. "இந்தப் பாட்டுக்காரங்கள்லயே பெரிய ஆள் மூணு பேரைச் சொல்லச் சொன்னா, முதல் பேரா இந்தக் காகத்தைத்தான் சொல்வேன். இன்னிக்கு சிகாகோல கரண்ட் கிட்டார் வச்சுக்கிட்டு வாசிக்கிறவன் ஒவ்வொருத்தனும் இந்த இழுப்பைத்தான் வாசிக்கிறான். யாரோடதுன்னு அவனுக்கே தெரியாது. லண்டன்ல பசங்க இதைக் கேட்டுத் தூங்காம கிடக்கிறாங்க. மெம்பிஸ் ஓட்டல் புத்தகத்துல உங்க பேர் இருந்துச்சு. நீங்கதானே? சொல்லுங்க, மிஸ்டர் மோப்லி."

தெரியாதுங்க சார் என்று சொல்லியிருக்கலாம். அதற்குத்தானே வார்த்தை கொடுத்திருந்தார்? லியாண்டர் வாயைத் திறந்தார். "ஆமா" என்று வந்தது.

அத்தோடாவது நின்றிருக்கக் கூடாதா! வாரன் நோட்டைத் திறந்து, "மூணாவது பாட்டுல காலைத் தட்டிக்கிட்டு ஒருத்தர் சத்தம் போடுறாரே, அது யாரு?" என்று கேட்டான்.

"அதுவா? எஸ்ரான்னு ஒருத்தன். சும்மா கூட வந்தான்" என்றார் லியாண்டர்.

அப்புறம் நடந்ததை நினைத்தால் இன்றும் அவருக்கு உடம்பு கூசும். பாட்டுகள் அவருக்கு மறந்துபோயிருக்கும் என்று வாரன் தானாகவே முடிவுகட்டி, அவருடைய பாட்டையே அவருக்குச் சொல்லிக்கொடுத்தான். கம்பியை இவ்வளவு தளர்த்துங்கள், விரலை இங்கே வையுங்கள், உங்களுக்கு நினைவிருக்குமே! எஸ்ராவின் பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொள்ள முடியாததைப் பாஸ்டன்காரனிடம் உட்கார்ந்து அரையும் குறையுமாகக் கற்றுக்கொண்டார். சரியாக வராதபோதெல்லாம் "வயசாச்சு சார், விரல் மடங்கல" என்றார். வடக்கே பெரிய விழாவில் பத்தாயிரம் பேர் எழுந்து நின்று கைதட்டினார்கள். பழைய பாட்டுகளைப் புது எல்.பி. தட்டாகவும் போட்டார்கள். அதன் பின்னட்டையில் வாரன் எழுதியிருந்தான்: "காலால் தாளம் போடுபவர் எஸ்ரா என்ற நண்பர்."

அந்த நண்பர் ஞாயிறுதோறும் டீக்கன் நாற்காலியில் இருந்தார். பாட்டுப் புத்தகம் இல்லாத அந்தப் பழைய கோயிலில் ஒவ்வோர் அடியையும் அவர்தான் எழுந்து எடுத்துக் கொடுப்பார். சபை அதை இழுத்து இழுத்துத் திருப்பிப் பாடும். லியாண்டரிடம் அவர் ஒன்றுமே கேட்கவில்லை. ஒரே ஒரு முறை, கோயில் படியில் இறங்கும்போது, லியாண்டரின் காலைப் பார்த்து, "புது ஷூவா? நல்லா சத்தம் வருமே" என்றார். சிரித்தாரா இல்லையா என்று லியாண்டரால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

நான் சத்தியம் காக்கிறேன், அவ்வளவுதான் என்று லியாண்டர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். உண்மையைச் சொன்னால் எஸ்ராவின் டீக்கன் பதவிக்கு இழுக்கு, ப்ளூஸ் பாடினவன் என்று ஊருக்குத் தெரிந்துவிடும், அதனால்தான் சொல்லவில்லை என்றும் சொல்லிக்கொண்டார். நல்ல சாக்கு! போன செவ்வாய்க்கிழமை எஸ்ராவுக்கு மூளையில் ரத்தம் கட்டியது. வியாழக்கிழமை உயிர் போனது. அத்தோடு சாக்கும் போனது.

மறுநாள் காலை எஸ்ராவின் மனைவி வெர்லீன் லியாண்டரின் வீட்டு வாசலுக்கே வந்தாள். "பிரதர் லியாண்டர், உங்க பேரைப் போட்டிருக்கேன். ரெண்டு நிமிஷம். நீங்கதான் பேசணும்" என்றாள். வேறு யாரையாவது என்று இவர் இழுத்தபோது, "இல்ல, நீங்கதான்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

இப்போது போதகர் கில்லம் ஜெபம் செய்து முடித்தார். வேறொரு டீக்கன் எழுந்து பாட்டை எடுத்துக் கொடுத்தார். பாவம், ஈனஸ்வரம். சபை எந்தக் குரலைத் தேடுகிறது என்பது அவர்கள் இழுத்துப் பாடியதிலேயே தெரிந்தது. லியாண்டர் பின்னால் திரும்பிப் பார்த்தார். கடைசி பெஞ்சில் வாரன் அட்டை விசிறியோடு உட்கார்ந்திருந்தான். சேதி கேட்டு ராத்திரியெல்லாம் காரோட்டி வந்திருந்தான். காலையில் லியாண்டரின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "உங்க தாளத்தை இழந்துட்டீங்க, மிஸ்டர் மோப்லி" என்று சொல்லியிருந்தான்.

"சகோதரர் மோப்லி" என்றார் போதகர்.

லியாண்டர் எழுந்துபோய் நின்றார். முன்வரிசையில் வெர்லீன் கறுப்பு வலையைத் தூக்கிவிட்டுக்கொண்டு அவரையே பார்த்தாள்.

"எஸ்ராவும் நானும் சின்னப் பசங்களா இருந்ததுலேர்ந்து பழக்கம்."

"ஆமா!" என்றது சபை.

"எஸ்ராவுக்கு ஒரு குரல் இருந்துச்சு."

"இருந்துச்சு! சொல்லுங்க பிரதர்!"

"அந்த மாதிரிக் குரல் இந்த நாட்டுல..."

"சொல்லுங்க! பயப்படாம சொல்லுங்க!"

விசிறிகள் நின்றுவிட்டன. சபை முழுக்க முன்னால் சாய்ந்தது. இவ்வளவு ஆவலாக ஏன் கேட்கிறார்கள் என்று அந்த நேரத்தில் லியாண்டருக்குப் பிடிபடவில்லை. அவர் கண் கடைசி பெஞ்சுக்குப் போனது. வாரன் நோட்டைத் திறந்து பேனாவோடு காத்திருந்தான். பத்தாயிரம் பேர் கைதட்டியது காதில் கேட்டது. மிஸ்டர் என்பதும் கேட்டது.

"அந்த மாதிரிக் குரல் இந்த நாட்டுல எந்தக் கோயில்லயும் கிடையாது" என்று முடித்தார். "நல்ல மனுஷன். யாரையும் ஒரு வார்த்தை கடிஞ்சு பேசினதில்ல. அவ்வளவுதாங்க."

யாரோ ஒருத்தர் மட்டும் "ஆமென்" என்றார். விசிறிகள் மறுபடி ஆடத் தொடங்கின. வெர்லீன் வலையைக் கீழே இறக்கிவிட்டாள். தன் இடத்துக்குத் திரும்பி நடந்தபோது மரப்பலகைத் தரையில் தன் ஷூ எழுப்பிய சத்தம் லியாண்டருக்கு நாராசமாக இருந்தது.

அடக்கம் முடிந்து, கோயில் முற்றத்தில் மரத்தடியில் மேசை போட்டுச் சாப்பாடு வைத்தார்கள். பொரித்த கோழி, கீரை, சோளரொட்டி, சர்க்கரைவள்ளிக்கிழங்கு இனிப்பு. லியாண்டர் சாப்பாட்டுத் தட்டோடு ஒரு ஓரமாக மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வெர்லீனும் தன் தட்டோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ரெண்டு நிமிஷம் குடுத்தேன்" என்றாள் மெதுவாக. "அதுக்குத்தான் குடுத்தேன்."

லியாண்டருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் அவள் பக்கம் திரும்பினார். "சிஸ்டர், உங்களுக்குத் தெரியுமா?"

"எனக்கா? தண்ணிக் குவளையோட நிக்கிறாரே க்ளீவ், அவருக்குத் தெரியும். அங்க கீரை பரிமாறுறாளே ஒடெஸா, அவளுக்குத் தெரியும். போதகருக்குத் தெரியும். ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை அந்தக் குரல்தானே பாட்டு எடுத்துக் குடுத்துச்சு? அதே குரல் ரிக்கார்டுல வந்தா அடையாளம் தெரியாதா? முப்பதுல பாட்டுப்பெட்டி வச்சிருந்த அத்தனை வீட்லயும் அந்தத் தட்டு இருந்துச்சு. எல்லாரும் கதவைச் சாத்திக்கிட்டுக் கேட்டோம். டீக்கனுக்கு சங்கடமா இருக்கும்னு ஒருத்தரும் வாயத் தொறக்கல."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டதாக லியாண்டர் நினைத்திருந்தார். ஊரே அந்தப் பூசணிக்காயைச் சுற்றி உட்கார்ந்து, அவர் மனம் நோகக்கூடாதென்று பேசாமல் சாப்பிட்டிருக்கிறது. விழா முடிந்து வந்தபோது கைகுலுக்கினவர்கள், "நம்ம ஊர்ப் பேரைக் காப்பாத்திட்டே" என்று முதுகில் தட்டினவர்கள், ஒவ்வொரு முகமாக நினைவுக்கு வந்தது. தரை பிளந்து விழுங்கினால் தேவலை என்றிருந்தது அவருக்கு.

"ஏன் சிஸ்டர் யாரும் என்னைக் கேட்கல?"

"எப்படிக் கேட்கிறது? அந்தப் பையன் வெள்ளைக்காரன். நீ நம்ம ஆளு." இத்தனை நாளும் நீங்க என்றவள் நீ என்றாள். "அவன் முன்னாடி உன்னைப் பொய்யன்னு ஆக்குவோமா? அவரே என்கிட்ட சொல்லிட்டாரு, விட்டுருன்னு. அந்தப் பின்னட்டையை நான்தான் படிச்சுக் காட்டினேன். சிரிச்சாரு. 'என் தாளம் எப்பவுமே தப்பும், அவன் நல்லா தட்டுவான்'னாரு. அன்னிக்கு ராத்திரி சாப்பிடல."

லியாண்டர் முகத்தைப் பொத்திக்கொண்டார்.

"எங்ககிட்ட ஒரு தட்டு இருந்துச்சு. ஒரு கீறல் கிடையாது. அதுல காகம்னு போட்டிருக்கிற பேருக்குக் கீழ ஆணியால தன் பேரைக் கிறுக்கி வச்சிருந்தாரு. எப்பக் கிறுக்கினாரோ. நீ இன்னிக்கு சொல்லுவே, சொன்னா எடுத்துக் காட்டலாம்னு கைப்பையில வச்சிருந்தேன். நீ சொல்லல. பெட்டியை மூடும்போது அவர் தலைமாட்டுல வச்சுட்டேன்."

லியாண்டர் சாப்பாட்டுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார். மேசை ஓரமாகக் கோழிக்காலைக் கடித்துக்கொண்டிருந்த வாரனிடம் நேராகப் போனார்.

"சார், ஒரு விஷயம். அந்த ரிக்கார்டுல பாடினது நான் இல்ல. எஸ்ரா. கிட்டாரும் அவன்தான். நான் காலைத்தான் தட்டினேன்."

வாரன் கோழியைக் கீழே வைத்தான். அவன் முகத்தில் கோபம் வரவில்லை, இரக்கம்தான் வந்தது. அவருடைய தோளில் கை வைத்தான். "மிஸ்டர் மோப்லி, நண்பர் போன துக்கம் உங்களை இப்படிப் பேச வைக்குது. உங்க மனசு யாருக்கு வரும்?"

"ஐயோ, நிஜமாத்தான் சார்! எனக்கு வாசிக்கவே வராது. நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க?"

"மறந்ததை ஞாபகப்படுத்தினேன். அவ்வளவுதான்."

"இவங்களைக் கேளுங்க! எல்லாருக்கும் தெரியும்!"

வாரன் சுற்றிப் பார்த்தான். தண்ணீர்க் குவளையோடு நின்ற க்ளீவிடம், "அப்படியா சார்? மிஸ்டர் பெட்டவே ப்ளூஸ் பாடுவாரா?" என்று மரியாதையாகக் கேட்டான்.

க்ளீவின் முகம் கதவு சாத்தியதுபோல் மூடிக்கொண்டது. "எனக்கு ஒண்ணும் தெரியாதுங்களே சார்."

ஒடெஸாவைப் பார்த்தான். "நாங்க கோயில் ஜனங்க சார். அந்தப் பாட்டெல்லாம் நாங்க என்னத்தைக் கண்டோம்?" என்றாள் அவள், கீரையைக் கிளறிக்கொண்டே.

லியாண்டர் வெர்லீனிடம் ஓடினார். கிழவர் ஓடியது எல்லோருக்கும் பார்க்கச் சங்கடமாக இருந்தது. "சிஸ்டர், நீங்க சொல்லுங்க. ஒரே ஒரு வார்த்தை. உங்க புருஷன் பேரு சிஸ்டர்!"

வெர்லீன் எழுந்து நின்றாள். பின்னாலேயே வந்த வாரனை நிமிர்ந்து பார்த்தாள்.

"என் வீட்டுக்காரர் டீக்கன் சார்" என்றாள். "முப்பத்தஞ்சு வருஷம். வேற எதுவும் எனக்குத் தெரியாது."

வாரன் தலை குனிந்து வணங்கிவிட்டுக் காரை எடுக்கப் போனான். நாளை ராத்திரி சிகாகோவில் லியாண்டருக்குக் கச்சேரி, இப்போதே கிளம்பினால்தான் சரியாக இருக்கும்.

"ஏன் சிஸ்டர்?" என்றார் லியாண்டர்.

"அந்தப் பையன்கிட்ட சொல்லச் சொல்லி நான் கேட்கல. அவனுக்கு என்ன வந்துச்சு? கர்த்தர் வீட்ல, அவர் பெட்டி பக்கத்துல நின்னு, நம்ம ஜனங்க முன்னாடி சொல்லச் சொன்னேன். அவங்க எல்லாரும் காத்திருந்தாங்க. 'சொல்லு, சொல்லு'ன்னாங்க. உனக்குக் காது கேட்கலயா?" அவள் கோபமாகக்கூடப் பேசவில்லை. களைத்துப்போயிருந்தாள். "இனிமே அது உன்னோடதுதான். வச்சுக்கோ."

சொல்லிவிட்டு மேசைக்குப் போனாள். இரண்டு கோழித்துண்டு, சோளரொட்டி, ஒரு துண்டு இனிப்பு எல்லாம் வைத்து மெழுகுக் காகிதத்தில் பொட்டலம் கட்டி, திரும்பி வந்து அவர் கையில் கொடுத்தாள். சாவு வீட்டிலிருந்து யாரையும் வெறுங்கையோடு அனுப்புவதில்லை. மற்றவர்கள் சாப்பாட்டைத் தொடர்ந்தார்கள். ஒருத்தரும் லியாண்டரைப் பார்க்கவில்லை.

வாரன் கார்க்கதவைத் திறந்துவிட்டுக் காத்திருந்தான். "ஏறுங்க, மிஸ்டர் மோப்லி."

லியாண்டர் ஏறினார். மடியில் பொட்டலம் சுட்டது. கார் கல்லறையைத் தாண்டி நெடுஞ்சாலையில் ஏறியதும், சிமெண்டுச் சாலையின் இணைப்புகளில் சக்கரம் தடக் தடக்கென்று ஒரே சீராக விழுந்தது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் கவனித்தார், அவருடைய வலது கால் அந்தச் சத்தத்துக்குத் தானாகவே தாளம் போட்டுக்கொண்டிருந்தது. இரண்டு கையாலும் முழங்காலை அழுத்திப் பிடித்துக்கொண்டார்.